பேரைக் கெடுத்துவிட்டார்கள், கேஸ் போடலாமா? வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞரின் பதில்கள்

அவதூறு வழக்கு பற்றி வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன: "மனசு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது, எப்படியாவது உள்ளே தள்ள வேண்டும்." அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் உங்கள் மனசு எவ்வளவு புண்பட்டது என்று முதலில் பார்ப்பதில்லை, மற்றவர்கள் கண்ணில் உங்கள் மதிப்பு குறைந்ததா என்றுதான் பார்க்கிறது. கீழே இருக்கிற எல்லா பதில்களுக்கும் இதுதான் அடிப்படை, அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதியவர்களை யாரும் அடையாளம் கண்டுவிடாதபடி பெயர், ஊர், சில விவரங்களை எடுத்துவிட்டோம்.

கேள்வி: மேடம், எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கு மூன்று வருஷமாக நான்தான் பொருளாளர். போன மாதம் ஒருவர் வாட்ஸ்அப் குரூப்பில், "டேங்க் வேலையில் யார் சம்பாதித்தது? பொருளாளர் வீட்டுக்குப் புது ஏசி எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்" என்று போட்டுவிட்டார். பில் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அவமானம் தாங்காமல் குரூப்பை விட்டே வெளியே வந்துவிட்டேன். ஸ்டேஷனுக்குப் போனால், "இது எங்க வேலை இல்ல, கோர்ட்டுக்குப் போங்க" என்கிறார்கள். போலீஸ் அப்படிச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம். பலரும் தெரிந்துகொள்ளாத விஷயம் இது. அவதூறு என்பது போலீஸ் நேரடியாக எஃப்.ஐ.ஆர் போட்டு விசாரிக்கக்கூடிய குற்றம் இல்லை. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 499, 500 பிரிவுகளாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவாக இருக்கிறது. பெயரும் எண்ணும் மாறியிருக்கிறதே தவிர நடைமுறையில் பெரிய மாற்றம் இல்லை. பாதிக்கப்பட்டவர் தானே மாஜிஸ்திரேட் முன்னால் தனிநபர் புகார் தாக்கல் செய்து, தானே சாட்சி சொல்லி, தானே நடத்த வேண்டிய வழக்கு. இந்தக் குற்றப்பிரிவே அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சுப்பிரமணியன் சுவாமி, ராகுல் காந்தி, அரவிந்த் கெஜ்ரிவால் உள்ளிட்டவர்கள் தொடுத்த வழக்கில், 2016இல் உச்ச நீதிமன்றம் பிரிவு செல்லும் என்று சொன்னது. ஒருவருடைய நற்பெயர் அவருடைய வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்பது அந்தத் தீர்ப்பில் அழுத்தமாக வந்த கருத்து.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். அவர் நேராகத் திருடன் என்று சொல்லவில்லை, கேள்வியாகத்தானே கேட்டார் என்று வாதம் வரும். அது எடுபடாது. மறைமுகமாகவோ கிண்டலாகவோ சொன்னாலும் அவதூறாகலாம் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. படித்தவர்களுக்கு அது உங்களைப் பற்றித்தான் என்று புரிய வேண்டும், நேர்மையைக் குறைத்துச் சொல்வதாக இருக்க வேண்டும், மூன்றாவது ஆள் கண்ணில் பட்டிருக்க வேண்டும். மூன்றுமே இங்கே இருக்கின்றன.

குரூப்பை விட்டு வெளியே வந்ததுதான் கொஞ்சம் சிக்கல். உங்கள் போனில் அந்தப் பதிவு இன்னும் இருந்தால் எதையும் அழிக்காதீர்கள், போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள். குரூப்பில் இன்னும் இருக்கிற நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லி, அந்தப் பதிவு, போட்டவரின் எண், தேதி, நேரம், கீழே வந்த பதில்கள் எல்லாம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுக்கச் சொல்லுங்கள், சாட்டை எக்ஸ்போர்ட் செய்து தனியாக வைக்கச் சொல்லுங்கள். வெறும் பிரிண்ட் அவுட்டைக் கையில் கொண்டுபோனால் கோர்ட்டில் அது பாதி சாட்சிதான். பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி எலக்ட்ரானிக் ஆவணத்துக்கு ஒரு சான்றிதழ் கொடுக்க வேண்டும். அதில் கருவியை வைத்திருப்பவர் கையெழுத்திடும் பகுதி ஒன்று, நிபுணர் கையெழுத்திடும் பகுதி ஒன்று. எதிராளி அந்தப் பதிவை அழித்துவிடுவார் என்று எண்ணிக்கொண்டு இன்றைக்கே இதைச் செய்துவிடுங்கள். அதோடு, அதைப் படித்துவிட்டு உங்களிடம் "என்ன சார் இது?" என்று கேட்டவர்கள் யார் யார் என்று எழுதி வையுங்கள். அவர்கள்தான் நாளைக்குச் சாட்சி.

வழி இரண்டு இருக்கிறது. கிரிமினல் வழக்கு போட்டு வென்றால் அதிகபட்சம் 2 வருஷம் சாதாரணச் சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும், அல்லது புதிதாக வந்திருக்கிற சமூக சேவை. இந்தத் தண்டனையால் உங்கள் கைக்கு எதுவும் வராது. சிவில் வழக்கு என்றால் நஷ்டஈடு கேட்கலாம், இனி இப்படிப் பேசக் கூடாது என்று தடை உத்தரவும் கேட்கலாம், ஆனால் கேட்கிற தொகைக்கு ஏற்ப நீதிமன்றக் கட்டணம் கட்ட வேண்டும். இரண்டையும் சேர்த்தே நடத்தவும் தடை இல்லை. ஆனால் இரண்டிலுமே நீங்கள் கூண்டில் ஏற வேண்டியிருக்கும், எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் மூன்று வருஷக் கணக்கையும் ஒவ்வொரு வரியாகக் கேட்பார், வருஷக்கணக்கில் இழுக்கும். வக்கீலாக இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட்டால் அது நேர்மை இல்லை.

நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லி, டேங்க் வேலையின் கொட்டேஷன், பில், வங்கிக் கணக்கு மூன்றையும் எல்லோர் முன்னாலும் வைத்து, கணக்கு சரி என்று தீர்மானம் போட்டு மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிவிடுவேன். இழந்த பெயர் அந்த 2 மணி நேரத்தில் பெரும்பாலும் திரும்பிவிடும், வழக்குக்கும் அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. அப்புறம் வக்கீல் நோட்டீஸ்: எந்த குரூப்பில் போட்டாரோ அதே குரூப்பில் மறுப்பும் மன்னிப்பும் போட வேண்டும் என்று, என்ன வாசகம் என்பதையும் நாமே எழுதிக் கொடுத்து. பெரும்பாலானவர்கள் அந்த இடத்திலேயே இறங்கி வருவார்கள். வராவிட்டால் கோர்ட்.

கேள்வி: என் மேனேஜர் எனக்கு மட்டும் அனுப்பிய மெயிலில் "நீ ஒரு ஏமாற்றுக்காரன்" என்று எழுதியிருக்கிறார். அவதூறு வழக்கு போடலாமா?

பதில்: முடியாது. உங்களைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை என்றால் அது அவதூறே ஆகாது, எவ்வளவு மோசமான வார்த்தையாக இருந்தாலும். அதே மெயிலில் உங்கள் டீம் முழுவதையும் காப்பி போட்டிருந்தால் கதை வேறு. மனிதவள அதிகாரிக்கு மட்டும் முறையான புகாராக, நல்லெண்ணத்தோடு அனுப்பியிருந்தால் அதற்கும் பாதுகாப்பு உண்டு, ஏனென்றால் விசாரிக்க அதிகாரம் உள்ளவரிடம் சொல்வதைச் சட்டம் விதிவிலக்காக வைத்திருக்கிறது. மெயிலை மட்டும் அழிக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: அக்கா, முன்பு வேலை பார்த்த இடத்தில் என் மேலதிகாரி என்னிடம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி, அந்த வேலையை விட்டபிறகு தைரியம் வந்து, பேர் போட்டு எழுதினேன். எழுதியது அத்தனையும் உண்மை. இப்போது 1 கோடி ரூபாய் மானநஷ்டம் கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரும் பயந்துபோய், பதிவை எடுத்துவிட்டு மன்னிப்பு கேட்டுவிடு என்கிறார்கள். தூக்கமே இல்லை.

பதில்: தூங்குங்கள் அம்மா. வக்கீல் நோட்டீஸ் என்பது கோர்ட் உத்தரவு இல்லை. அது ஒரு கடிதம். அதில் 1 கோடி என்றும் போடலாம், 100 கோடி என்றும் போடலாம், அதற்குச் செலவே கிடையாது. அந்தத் தொகைக்கு உண்மையிலேயே வழக்கு போட்டால்தான் அவர் கட்டணம் கட்ட வேண்டும். பயமுறுத்தி வாயை மூட வைப்பதற்காகவே அனுப்பப்படுகிற நோட்டீஸ்கள் ஏராளம், அதைப் பார்த்து நியாயமாகப் பேசியவர்கள் பின்வாங்குகிறபோது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

சிவில் வழக்கில் உண்மை என்று நிரூபித்துவிட்டால் அதுவே முழுப் பாதுகாப்பு. கிரிமினல் வழக்கில் உண்மையாக இருந்தால் மட்டும் போதாது, அதைச் சொன்னது பொது நன்மைக்காகவும் இருக்க வேண்டும். வேலையிடத்தில் பெண்களிடம் தவறாக நடக்கிற ஒருவரைப் பற்றி மற்றப் பெண்களை எச்சரிப்பது பொது நன்மை இல்லை என்று சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை. தன்னையோ பிறரையோ காக்க நல்லெண்ணத்தோடு சொல்வதற்கும் 356ஆவது பிரிவிலேயே தனி விதிவிலக்கு இருக்கிறது.

நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய வழக்கு ஒன்று உண்டு. பத்திரிகையாளர் பிரியா ரமணி 2018இல் அப்போதைய மத்திய இணை அமைச்சர் எம்.ஜே. அக்பர் மீது பாலியல் தொல்லைக் குற்றச்சாட்டு வைத்தார், அக்பர் அவர் மேல் கிரிமினல் அவதூறு வழக்கு போட்டார். 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் ரமணியை விடுதலை செய்தது. ஒரு பெண் தனக்கு நடந்ததை எத்தனை வருஷம் கழித்தும், தான் தேர்ந்தெடுக்கிற எந்த மேடையிலும் சொல்ல உரிமை உண்டு, அவளுடைய கண்ணியத்தை விலையாகக் கொடுத்து இன்னொருவரின் நற்பெயரைக் காப்பாற்ற முடியாது என்பதுதான் அந்தத் தீர்ப்பின் சாரம். அக்பர் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தார் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு மற்ற நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, ஆனாலும் உங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஊன்றுகோல்.

இப்போது செய்ய வேண்டியது: நோட்டீஸைக் கண்டுகொள்ளாமல் விடாதீர்கள், ஒரு வக்கீல் மூலம் பதில் அனுப்புங்கள். நீங்களாக மெசேஜில் பதில் சொல்லாதீர்கள், அவருடைய நண்பர்கள் சமாதானம் பேச வந்தால் போனில் கோபமாக எதையும் சொல்லிவிடாதீர்கள். அன்றைக்கு நடந்ததை நீங்கள் தோழியிடம் சொன்ன மெசேஜ், அம்மாவிடம் பேசிய நாள், ராஜினாமா கடிதம், மருத்துவரைப் பார்த்திருந்தால் அந்தச் சீட்டு, எல்லாவற்றையும் தேதி வாரியாக ஒரு ஃபைலில் போடுங்கள். பதிவில் நடந்த சம்பவம் தவிர கூடுதலாக ஏதாவது அடைமொழி சேர்த்திருக்கிறீர்களா, கேள்விப்பட்டதை நடந்தது போல எழுதியிருக்கிறீர்களா என்று வக்கீலோடு உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கண்ணால் பார்க்காத ஒரு வரி இருந்தால் அதை நீக்குவதில் தவறில்லை. மீதியை எடுக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: எங்கள் தெருவில் சாலை போட்ட ஒரே மாதத்தில் பெயர்ந்துவிட்டது. போட்டோவோடு "கவுன்சிலர் என்ன செய்கிறார்?" என்று எழுதினேன். உன் மேல் மானநஷ்ட வழக்கு போடுவேன் என்று மிரட்டுகிறார்.

பதில்: சாலை பெயர்ந்தது உண்மை, போட்டோ இருக்கிறது, கேட்டது அவருடைய பொறுப்பைப் பற்றி. தைரியமாக இருங்கள். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது: ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் வெளியிடுவதைத் தடுக்க முயன்ற விவகாரத்தில், 1994இல், ராஜகோபால் வழக்கு. அரசோ உள்ளாட்சி அமைப்போ அவதூறுக்கு நஷ்டஈடு கேட்க முடியாது, பொது ஊழியர்கள் தங்கள் அலுவல் சார்ந்த செயல்களைப் பற்றிய எழுத்துக்கு நஷ்டஈடு கேட்க வேண்டுமானால், அது பொய் என்பதோடு, உண்மையா என்று கொஞ்சமும் அக்கறை இல்லாமல் எழுதப்பட்டது என்றும் காட்ட வேண்டும் என்றது. நீங்கள் எழுதியிருப்பது விமர்சனம். "கமிஷன் வாங்கினார்" என்று எழுதினால்தான் அதற்கு ஆதாரம் கையில் இருக்க வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள், ஆனால் கேள்வியை நிறுத்தவும் வேண்டாம்.

கேள்வி: நான் எழுதவில்லை, வந்ததை அப்படியே ஃபார்வர்டு செய்தேன், அவ்வளவுதான். எனக்கும் நோட்டீஸ் வந்திருக்கிறது. அந்த குரூப்புக்கு அட்மினும் நான்தான்.

பதில்: ஃபார்வர்டு செய்வதும் வெளியிடுவதுதான். எனக்குக் கிடைத்தது, அனுப்பினேன் என்பது பதில் ஆகாது. அவதூறான பதிவை ரீட்வீட் செய்வதும் அவதூறுக்கு வழிவகுக்கும் என்று 2024 பிப்ரவரியில் கெஜ்ரிவால் சம்பந்தப்பட்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. அட்மின் விஷயத்தில் மட்டும் நீங்கள் ஆறுதல் அடையலாம்: அட்மினாக இருப்பதாலேயே மற்றவர் போட்டதற்கு ஒருவர் பொறுப்பாக மாட்டார் என்று பம்பாய், கேரள உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. ஆனால் உங்கள் விஷயத்தில் அனுப்பியதே நீங்கள்தானே. அது பொய் என்று இப்போது தெரிந்திருந்தால், அனுப்பிய எல்லா இடத்திலும் "நான் பகிர்ந்த தகவல் தவறு, வருந்துகிறேன்" என்று உடனே போடுங்கள், போட்டதற்கு ஆதாரம் எடுத்து வைத்துக்கொண்டு நோட்டீஸுக்குப் பதில் கொடுங்கள். இரு தரப்பும் சமரசமாகப் போகக்கூடிய குற்றம் இது, சீக்கிரம் வருத்தம் தெரிவித்தவர்களோடு பெரும்பாலும் சமரசம் ஆகிவிடுகிறது.

கேள்வி: எங்கள் தொழில் செய்பவர்கள் எல்லோருமே ஏமாற்றுக்காரர்கள் என்று ஒரு பிரபலம் பேட்டியில் சொல்லிவிட்டார். நான் வழக்கு போடலாமா?

பதில்: உங்களைத் தனியாக அடையாளம் காட்டாத வரை கஷ்டம். நடிகை குஷ்பு 2005இல் திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிப் பொதுவாகச் சொன்ன கருத்துக்காகப் போடப்பட்ட 23 புகார்களை உச்ச நீதிமன்றம் 2010இல் ரத்து செய்தது நினைவிருக்கலாம். புகார் கொடுத்தவர்கள் யாரும் சட்டத்தின் பார்வையில் பாதிக்கப்பட்ட நபர்கள் இல்லை என்பது முக்கியமான காரணம். ஒரு நிறுவனத்தை, ஒரு சங்கத்தை, எண்ணி அடையாளம் காணக்கூடிய ஒரு சிறு கூட்டத்தைச் சொன்னால் வழக்கு நிற்கும். ஒரு தொழிலையே பொதுவாகச் சொன்னதற்கு மறுப்பு அறிக்கை கொடுப்பதுதான் சரியான வழி.

கேள்வி: என் கடையைப் பற்றிப் பொய்யாக ஒரு வீடியோ போட்டு 2 வருஷம் ஆகிறது. இன்னும் யூடியூபில் ஓடிக்கொண்டிருக்கிறது. நஷ்டஈடு கேட்கலாமா?

பதில்: இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். நஷ்டஈட்டுக்கான சிவில் வழக்குக்குக் காலக்கெடு ஒரே ஒரு வருஷம். வீடியோ இன்னும் இருக்கிறதே, தினமும் புதிதாகப் பார்க்கிறார்களே என்று கேட்பீர்கள். முதலில் வெளியான நாளிலிருந்துதான் கணக்கு என்று 2013இல் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு முகநூல் பதிவு வழக்கில் சொல்லியிருக்கிறது. கிரிமினல் புகாருக்கு 3 வருஷம் வரை உண்டு, அதனால் உங்களுக்கு இன்னும் ஒரு வழி திறந்திருக்கிறது, தாமதிக்காதீர்கள். அதே வீடியோவை யாராவது மறுபடி வேறு தலைப்பில் ஏற்றியிருந்தால் அந்தத் தேதியையும் குறித்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள். கூடவே அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கும் புகார் அனுப்புங்கள். தளங்கள் இப்படி ஓர் அதிகாரியை வைத்திருப்பது 2021ஆம் வருஷத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி கட்டாயம். ஆனால் அவதூறு என்று நீங்கள் சொல்வதால் மட்டும் அவர்கள் எடுத்துவிடுவதில்லை, கோர்ட் உத்தரவு கேட்பதுதான் வழக்கம்.

கேள்வி: மேடம், எனக்குப் பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து ஆகிவிட்டது. இப்போது வீட்டில் மறுபடி வரன் பார்க்கிறார்கள். பேசி முடிவாகிற நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு என் முன்னாள் மாமியார் போன் போட்டு, "அவளுக்கு மூளை சரியில்லை, அதனால்தான் விட்டுவிட்டோம்" என்று சொல்லிவிடுகிறார். இரண்டு வரன் இப்படிப் போய்விட்டது. எழுத்தில் எதுவும் இல்லை. வாய்ப்பேச்சுக்கு என்ன செய்ய முடியும்?

பதில்: இந்த மாதிரிக் கடிதம் வரும்போதெல்லாம் எனக்கு மனசு கொதிக்கிறது. வாய்ப்பேச்சும் அவதூறுதான், 356ஆவது பிரிவு பேச்சையும் எழுத்தையும் சேர்த்தே சொல்கிறது. ஒருவருடைய ஒழுக்கத்தையோ அறிவுத்திறனையோ மற்றவர் பார்வையில் தாழ்த்துவது அவதூறு. கைகூடிய சம்பந்தம் தட்டிப்போனது சிவில் வழக்கில் நேரடியான நஷ்டம், அதைக் காட்ட முடிந்தால் உங்கள் வழக்கு பலமாகும்.

ஒன்று கவனிக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் தாங்களாக விசாரித்து, தெரிந்தவர் ஒருவர் நல்லெண்ணத்தோடு உள்ளதைச் சொன்னால் அதற்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. யாருமே கேட்காமல், எண்ணைத் தேடிப் பிடித்து, தானாக வலியப் போய்ச் சொல்வது நல்லெண்ணம் என்று காட்டுவது ரொம்பக் கஷ்டம். அதையே இரண்டு இடத்தில் செய்திருந்தால் நோக்கம் இன்னும் தெளிவாகத் தெரியும்.

சாட்சிதான் பிரச்சினை. அந்தப் பேச்சைக் காதால் கேட்டவர்கள் மாப்பிள்ளை வீட்டார் மட்டுமே, அவர்கள் உங்களுக்காகக் கோர்ட் படி ஏறுவார்களா என்பது சந்தேகம். அதனால் கோபப்படாமல், உங்கள் அப்பாவோ அண்ணனோ அவர்களிடம் பேசி, "சம்பந்தம் வேண்டாம் என்றால் பரவாயில்லை, அந்த அம்மா என்ன சொன்னார், எந்தத் தேதியில், எந்த எண்ணிலிருந்து பேசினார் என்று மட்டும் ஒரு மெசேஜாக அனுப்புங்கள்" என்று கேட்கட்டும். பத்தில் ஒருவராவது அனுப்புவார். ஒரு மெசேஜ் கிடைத்தாலே நோட்டீஸுக்குப் போதும். காலம் ஓடுகிறது, சிவில் வழக்குக்கு ஒரு வருஷம்தான் என்பதை மறக்காதீர்கள்.

இன்னொரு வேலை இன்றைக்கே செய்யலாம். உங்கள் விவாகரத்துத் தீர்ப்பையும் அதற்கு முன் இருவரும் கையெழுத்திட்ட கூட்டு மனுவையும் எடுத்துப் படியுங்கள். பரஸ்பர சம்மத மனுக்களில் ஒருவர் மேல் ஒருவர் குற்றம் சொல்லமாட்டோம், இனி தலையிடமாட்டோம் என்று எழுதுவது சாதாரணமாக நடக்கிற விஷயம். அப்படி ஒரு வரி இருந்தால் நோட்டீஸை மாமியாருக்கு மட்டும் அனுப்பாதீர்கள், கையெழுத்துப் போட்ட முன்னாள் கணவருக்கும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள், அந்த வரியை முதல் பத்தியிலேயே எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.